முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஆஸ்பத்திரி

ஆசிட் என்றால் எல்லோருக்கும் பயம். காஸ்டிக் சோடாவையும் சுண்ணாம்பையும் ஈரச் சிமெண்ட்டையும் அப்படிப் பார்ப்பதில்லை. கண்ணைப் பொறுத்தவரை இந்தக் காரங்கள்தான் பெரும்பாலும் ஆசிட்டைவிட மோசம். இதை நான் அக்காவின் கண் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அடைத்துக்கொண்ட சிங்க்கில் காஸ்டிக் சோடாவைப் போட்டு வெந்நீர் ஊற்றினாள். குபுக்கென்று பொங்கித் தெறித்தது, வலது கண்ணில். நான் துண்டால் துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். போய்ச் சேர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அவள் கண் குழாய்த் தண்ணீருக்கு அடியில் இருந்திருக்க வேண்டும்.

கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கும் கருவிழியின் கனம் நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர்தான். ஆசிட் பட்டால் மேலே இருக்கும் புரதம் வெந்த முட்டை வெள்ளை போல உறையும். பல சமயம் அந்த உறைவே ஆசிட்டை மேற்கொண்டு இறங்கவிடாமல் தடுக்கும். காரம் நிற்காது. செல் சவ்வின் கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டே போய், சில நிமிடங்களில் கருவிழியைத் தாண்டி உள்ளே இறங்கிவிடும். துண்டு என்ன செய்யும்?

டாக்டர் பெயர்கூடக் கேட்கவில்லை. கீழ் இமைக்குள் லிட்மஸ் தாளை வைத்தார். நீலமாக மாறியது, அதாவது காரம் இன்னும் இருக்கிறது. சலைன் பாட்டில் ஒன்று தீர்ந்ததும் அடுத்தது, நடுநடுவே மறுபடி தாள். மேல் இமையைத் திருப்பியபோது அங்கே ஒரு வெள்ளைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அத்தனை நேரமும் அது கரைந்துகொண்டே இருந்திருக்கிறது.

கண் அவ்வளவாகச் சிவக்கவில்லையே என்று ஆறுதலாகச் சொன்னேன். "அதுதான் கவலை" என்றார். கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில் ரத்தக்குழாய்கள் கருகிவிட்டால் அந்த இடம் வெளுத்துப்போகுமாம். கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் இருப்பதும் அந்த ஓரத்தில்தான். அவை செத்தால் பக்கத்துச் சவ்வு ரத்தக்குழாய்களோடு கருவிழி மேல் ஏறும், அதன் தெளிவு மங்கிப்போகும். நரம்பும் கருகுவதால் வலி குறைவாகக்கூட இருக்கலாம். வலிக்கவில்லை என்று யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

கண்ணில் எது தெறித்தாலும் இமையை விரித்துப் பிடித்து, அரை மணி நேரமாவது சுத்தமான தண்ணீர் ஓடட்டும். லென்ஸ் போட்டிருந்தால் கழுவும்போதே எடுத்துவிடுங்கள். காரத்துக்கு வினிகர் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாட்டிலில் பொடி எழுத்தில் போடுகிற இந்த விஷயத்தைத்தான் பெயரைவிடப் பெரிதாகப் போட வேண்டும் என்பேன்.

அக்காவுக்குக் கருவிழியை மட்டும் மாற்றினால் நிலைக்காதாம். இடது கண்ணின் அந்த ஓரத்திலிருந்து ஸ்டெம் செல்கள் உள்ள துளி திசுவை எடுத்து வலது கண்ணில் வைக்கப் போகிறார்கள். அதற்கும் வீக்கம் முழுசாக அடங்கக் காத்திருக்கிறோம்.