பிலிப் ஹியூஸ் ஹெல்மெட் அணிந்திருந்தார்

“ஹெல்மெட் போடாமல் ஆடியதால்தான் பிலிப் ஹியூஸ் இறந்தார், அதன்பிறகு பவுன்சருக்குத் (தரையில் குத்தி தலை உயரத்துக்கு எழும்பும் பந்து) தடை வந்தது” என்று ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரரான அவரைப் பற்றி ஒரு பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

2014 நவம்பர் 25, சிட்னி மைதானம், ஆஸ்திரேலிய உள்நாட்டுப் போட்டியான ஷெஃபீல்டு ஷீல்டு ஆட்டம். 63 ரன்னில் இருந்த ஹியூஸ், ஷான் அபாட் வீசிய பவுன்சரை ஹூக் செய்ய, அதாவது பக்கவாட்டில் திருப்பி அடிக்கப் போனார். மட்டை முன்னதாகவே சுழன்றுவிட்டது, உடம்பும் கூடவே திரும்பியது. பந்து ஹெல்மெட்டுக்குக் கீழே, கழுத்தின் இடப்பக்கம் பட்டது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முதுகெலும்புத் தமனி அதில் கிழிந்து, மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்தது. இரண்டு நாளில் இறந்தார். வயது 25.

அவர் போட்டிருந்தது சற்றுப் பழைய மாடல். வதந்திக்கு வித்து அதுவாக இருக்கலாம். ஆனால் அப்போதைய புது மாடல் போட்டிருந்தாலும் அந்த இடத்தை மறைத்திருக்காது என்று அவரது மரணம் பற்றிய 2016 விசாரணை முடிவில் சொல்லப்பட்டது. பந்துவீச்சிலும் விதிமீறல் இல்லை. அபாட்டைத் திட்டுவது வீண்.

பவுன்சருக்குத் தடையும் இல்லை. டெஸ்டில் ஓவருக்கு இரண்டு இன்றும் வீசலாம். மாறியது கவசம்தான்: ஹெல்மெட்டின் பின்பக்கம் மாட்டும் கழுத்துக் காப்பு வந்தது. வேகப்பந்தை எதிர்கொள்ளும்போது அதைக் கட்டாயமாக்க ஆஸ்திரேலிய வாரியம் 2023 அக்டோபர் வரை எடுத்துக்கொண்டது.

ஹெல்மெட் இல்லாமல் அடிபட்டு இறந்தவர் இந்திய வீரர் ராமன் லாம்பா. 1998, டாக்கா, பேட்ஸ்மேனுக்கு மிக அருகே, ஷார்ட் லெக்கில் ஃபீல்டிங். இரண்டு சம்பவங்களையும் யாரோ குழப்பியிருக்கக்கூடும்.