பிரேக் பேடுல எண்ணெய் தடவுற ஃபார்வேர்டு: தயவுசெஞ்சு நிறுத்துங்க

பழைய மாருதி 800 மாதிரி வண்டியில பிரேக் கீச்சுனு கத்துனா வீல கழட்டி பேடு மேல ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெயோ கிரீஸோ தடவுங்க, மெக்கானிக் செலவு மிச்சம்னு ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு. தப்பு. பேடு, சக்கரத்தோட சேந்து சுத்துற இரும்புத் தட்டான டிஸ்க்க உரசி புடிச்சாதான் வண்டி நிக்கும், அங்க எண்ணெய் பட்டா சத்தம் போகும்தான், கூடவே பிரேக்கும் போகும். எண்ணெய் ஊறுன பேடு திரும்ப உதவாது, இடது, வலது ரெண்டு சக்கரத்துலயும் செட்டா மாத்தணும், டிஸ்க்கையும் பிரேக் கிளீனர் போட்டு சுத்தமா துடைக்கணும்.

இதுக்குள்ள பாதி உண்மை ஒன்னு இருக்கு, அதான் ஆளுங்க நம்புறாங்க. கிரீஸ் போடுற இடம் உண்டு, ஆனா அது காலிப்பர் (பேட டிஸ்க் மேல அமுக்குற பாகம்) நகர்ற பின்னுலயும் பேடோட முதுகுலயும், அதுவும் சூடு தாங்குற பிரேக் கிரீஸ் மட்டும், உரசுற பக்கத்துல துளிகூட படக்கூடாது. சத்தமே பல வண்டியில பேடு தேஞ்சுபோச்சுன்னு சொல்றதுதான், 3 மில்லிமீட்டருக்கு கீழ போனா மாத்திடுங்க.

அதே மெசேஜ்ல பிரேக் ஆயில் குறைஞ்சா இன்ஜின் ஆயில் ஊத்தலாம்னும் இருக்கு, இது இன்னும் மோசம். நம்ம ஊர்ல ஆயில்னு சொல்றோமே தவிர அது ஆயிலே இல்ல, இன்ஜின் ஆயில் பட்டா உள்ள இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் உப்பிடும். எந்த ரக ஃப்ளூயிட்னு வண்டியில இருக்கிற பிரேக் ஆயில் டப்பா மூடியிலயே டாட் 3, டாட் 4னு போட்டிருக்கும், வண்டியோட வந்த மேனுவல்லயும் இருக்கும், பாத்துக்கோங்க.

வீட்லயே பேடு மாத்துறவங்க, முடிச்சதும் பெடல் இறுகுற வரைக்கும் நாலஞ்சு தடவ மிதிச்சுட்டு அப்புறமா வண்டிய நகத்துங்க. அந்த மெசேஜ் வந்தா அனுப்பாதீங்க, அனுப்புனவருக்கு இத அனுப்புங்க.