ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் ஓடவிட்டு, கடைசியில் சீரியல் எண் கேட்கும் மென்பொருள்

நேற்றிரவு பதினொன்றே முக்கால் மணிக்கு, ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் நிற்காமல் ஓடிய வீடியோ கேசட்டின் பதிவைச் சேமிக்கலாம் என்று பொத்தானை அழுத்தியபோது, அந்த மென்பொருள் என்னிடம் சீரியல் எண் கேட்டது. நிறுவும்போது கேட்கவில்லை. திறக்கும்போது கேட்கவில்லை. பதிவைத் தொடங்கும்போதும் கேட்கவில்லை. படம் முழுவதையும் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு வழியை மறித்துக்கொண்டு கேட்டது. சிடி உறையின் பின்னால் ஒட்டியிருந்த எண்ணை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன், செல்லாது என்றது. பூஜ்யமா, ஓ என்ற எழுத்தா என்ற சந்தேகத்தில் மாற்றி அடித்தேன். அதுவும் செல்லாது என்றது. மூன்றாவது முறை, சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதில் ‘ஓகே’ என்ற ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. அதை அழுத்தியதும் மென்பொருள் மூடிக்கொண்டது. மறுபடி திறந்து பார்த்தால், தற்காலிகக் கோப்பு இருந்த ஃபோல்டரில் ஒன்றுமே இல்லை.

பழைய வீடியோ கேசட்டைக் கணினிக்கு மாற்றும் வேலையில் கைவைத்த எல்லோருக்கும் இப்படி ஒரு பெட்டி வந்திருக்கும். போன நேரத்துக்காக மட்டும் நான் கொதிக்கவில்லை. கேசட் என்பது ஆயிரம் முறை திறந்து மூடினாலும் அப்படியே இருக்கிற கோப்பு அல்ல. பிளே பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு தடவையும், கேசட்டை ஓட்டும் விசிஆர் கருவி அந்த அரை அங்குல நாடாவைக் கேசட்டுக்குள்ளிருந்து வெளியே இழுத்து, நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும், படத்தைப் படிக்கும் ஹெட் டிரம் என்ற உருளையின் மேல் வளைத்துப் போடுகிறது. நிறுத்தினால் மறுபடி உள்ளே தள்ளுகிறது. எங்கள் கேசட்டைப் போன்ற சாதாரணப் பதிவுகளில் ஒலி முழுவதும் நாடாவின் மேல் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில்தான் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் பீரோவுக்குள் கிடந்த நாடாவில் முதலில் பூஞ்சை பிடிப்பதும் விளிம்புதான், முதலில் மடங்குவதும் விளிம்புதான். மென்பொருள் எழுதியவனுக்கு ‘மறுபடி முயலவும்’ என்பது இரண்டு சொல். எனக்கு அது நாடாவின் ஆயுளில் ஒரு பங்கு.

அந்தக் கேசட் 1991 தை மாதம் நடந்த என் அக்காவின் கல்யாணம். மயிலாடுதுறையில், வாடகை மண்டபத்தில், ஹாலஜன் விளக்கை ஒரு பையன் தூக்கிப் பிடித்துக்கொண்டே வர எடுத்த படம். லேபிளில் நீல மையில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. சின்னக் கண்ணாடிச் சாளரம் வழியாகப் பார்த்தால், சுற்றிய நாடாவின் மேல் அரிசி மாவு தூவியது போல வெள்ளையாகப் பூஞ்சை தெரியும். அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு நாள் பொறுமையாகத் துடைத்த பிறகுதான் விசிஆருக்குள் விட்டேன். அந்தப் படத்தில் எங்களுக்கு வேண்டியது முகூர்த்தம்கூட அல்ல. நலங்கின்போது என் பெரிய அத்தை பாடிய ஏசல் பாட்டுதான் வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேலி செய்து, அங்கேயே கட்டி அங்கேயே பாடியது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. அத்தை போய்ப் பதினேழு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு முதல் இரண்டு அடிதான் நினைவிருக்கிறது. மூன்று நாளாக அம்மா நாற்காலியை என் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டு, “வந்துடுச்சாப்பா? அத்தை பாட்டு வந்துடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து நடந்ததைச் சொல்கிறேன். விசிஆரைக் கணினியோடு இணைக்க, மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பின் ஒரு முனையிலும் யூஎஸ்பி மறுமுனையிலும் இருக்கும் அந்தக் கறுப்புக் கருவி எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் கணினியில் இயங்க வைக்கும் நிரலான டிரைவர், உள்ளங்கை அளவு குட்டிச் சிடியில் இருந்தது. இன்று விற்கிற மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் சிடி போடும் இடமே கிடையாது. கையேட்டில் அச்சிட்டிருந்த இணைய முகவரி திறக்கவில்லை. பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடைக்காரரிடம் தனி டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி வந்து பார்த்தால், சிடிக்குள் விண்டோஸின் பழைய பதிப்புகளான எக்ஸ்பி, விஸ்டா, 7 என்று மூன்று ஃபோல்டர்கள் இருந்தன. எக்ஸ்பி வந்தது 2001இல். அதற்கான ஆதரவு 2014இல் முடிந்துவிட்டது. பெட்டியின் மேலோ ‘எல்லாக் கணினிகளிலும் இயங்கும்’ என்று சிவப்பு நட்சத்திரத்துக்குள் அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பெட்டி கடைக்கு வந்தது இந்த வருடம்.

செட்டப் கோப்பை இயக்கினேன். பச்சைக் கோடு முழுதாக ஓடி, வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்றது. இணைத்த கருவிகளைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், கருவியின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணமும் கோட் 52 என்ற பிழையும் இருந்தன; டிரைவர் நம்பகமானதா என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று அதற்குப் பொருள். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். இருபது நிமிடம் காத்திருந்த பிறகு பேசிய இளைஞர், “அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க சார்” என்றார். செய்தேன், அதே பிழை. இரண்டாவது முறை பேசியவர், ஆன்டிவைரஸை நிறுத்துங்கள், மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதியை அணையுங்கள், கையொப்பச் சோதனையையும் முடக்குங்கள் என்று வரிசையாகச் சொன்னார். நான் வங்கிக் கணக்கைப் பார்க்கும் கணினி அது. என் மகள் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் கணினி அது. அதன் கதவு, ஜன்னல், கொல்லை எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டுத்தான் ஒரு கல்யாணக் கேசட்டைப் பார்க்க முடியும் என்றால், அந்தப் பொருளை விற்கக் கூடாது. கையொப்பம் இல்லாத டிரைவரைக் கணினி தடுப்பது நியாயமான காவல். அந்தக் காவலை நான் குறை சொல்லவில்லை. காவலைத் தாண்ட முடியாது என்று தெரிந்தும் பெட்டியில் வைத்து மூடி அனுப்பியவர்கள்தான் இதற்குப் பொறுப்பு.

வேறு வழியில்லாமல் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் செய்து, நீலத் திரையில் ஏழாம் எண்ணை அழுத்தி, சோதனையை முடக்கினேன். கோட் 52 போனது, கோட் 10 வந்தது. சாதனம் தொடங்க முடியாது என்கிற கோட் 10. இந்த இடத்தில்தான் எத்தனையோ பேர் கருவியைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். வெளியே ஒரே மாதிரி இருக்கும் இந்தக் கருவிகளுக்குள் இருக்கும் சிப் ஒன்றல்ல. ஒன்றில் எஸ்டிகே 1160 இருக்கும், ஒன்றில் இஎம் 2860 இருக்கும், ஒன்றில் யூடிவி 007 இருக்கும். ஒன்றின் டிரைவர் மற்றொன்றுக்கு உதவாது. பெட்டி, கையேடு, சிடி மூன்றும் ஒரு சிப்புக்காகவும், கருவிக்குள் இருப்பது வேறு சிப்பாகவும் இருந்தால், நாம் நூறு தடவை நிறுவினாலும் பயனில்லை. என்னுடையது அப்படித்தான் இருந்தது. டிவைஸ் மேனேஜரில் கருவியின் பிராப்பர்ட்டீஸுக்குப் போய், டீடெய்ல்ஸில் ஹார்டுவேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுத்தால், தயாரிப்பாளருக்கு நான்கு எழுத்து, பொருளுக்கு நான்கு எழுத்து என்று ஓர் அடையாளம் தெரியும். அந்த எட்டு எழுத்துதான் உண்மை. அதை அந்தச் சேவை மையத்தில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. வெள்ளி இரவு முழுவதும் நானே தேடிக் கண்டுபிடித்தேன்.

சனிக்கிழமை, சரியான டிரைவரைப் போட்ட பிறகு, படம் வந்தது. நிறமில்லாமல், கீழிருந்து மேலே உருண்டுகொண்டே வந்தது. நம் நாட்டுக் கேசட்டுகள் 625 கோடும் நொடிக்கு 25 சட்டமும் (ஃபிரேம்) கொண்ட பால் (PAL) என்ற வீடியோ முறை. அந்த மென்பொருள் அமெரிக்கா போன்ற நாடுகளில் புழங்கிய 525 கோட்டு என்டிஎஸ்சி முறையில் திறக்கிறது. பால் என்று மாற்றினால் நிறம் வந்துவிடுகிறது. மூடித் திறந்தால் மறுபடி என்டிஎஸ்சிக்குப் போய்விடுகிறது. ஒரு தேர்வை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாத மென்பொருளை, பால் முறை புழங்கிய நாட்டில் கொண்டுவந்து விற்கிறார்கள்.

படம் உருளாமல் நிலைத்தது, ஆனால் ஒலி வரவில்லை. கம்பியை மாற்றினேன், பின்னைத் துடைத்தேன், டிரைவரை இன்னொரு முறை நிறுவினேன். மற்ற இடங்களில் மேளச் சத்தம் மட்டும்தான் இருக்கும், குரல் தெளிவாக வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதால் நலங்கு இருக்கும் இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினேன். பிளே, ஸ்டாப், ரீவைண்ட், பிளே. ஒவ்வொரு தடவையும் மென்பொருள் ‘ஒலிச் சாதனம் வேறு நிரலின் பயன்பாட்டில் உள்ளது’ என்று சொன்னது. அது பொய். வேறு எந்த நிரலும் திறந்திருக்கவில்லை. இப்படிப்பட்ட கருவியின் ஒலியைக் கணினி மைக்காகக் கருதுகிறது. தனியுரிமை அமைப்பில் மைக்கைப் பயன்படுத்த டெஸ்க்டாப் நிரல்களுக்கு அனுமதி மூடியிருந்தது. அவ்வளவுதான். ஒரே ஒரு சுவிட்ச். ‘மைக் அனுமதி இல்லை’ என்று அந்தப் பெட்டியில் உண்மையை எழுதியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். பிழைச் செய்தி எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள்: தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுங்கள், தவறான காரணத்தை எழுதாதீர்கள். அந்தப் பொய்யை நம்பி நான் ஒன்பது தடவை அந்த நாடாவை ஓட்டினேன்.

ஒன்பதாவது தடவை ஸ்டாப்பை அழுத்தியபோது விசிஆருக்குள் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நாடா உள்ளே போகாமல் உருளையில் சுற்றிக்கொண்டு நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் படாமல் பென்சிலால் தள்ளி, மெல்ல விடுவித்து எடுத்தேன். மேல் விளிம்பு ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் தூரம், புடவை கொசுவம் போல மடிந்திருந்தது. நீவிவிட்டு உள்ளே சுற்றினேன். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த மைக் சுவிட்சைக் கண்டுபிடித்தேன். ஒலியளவுக் கோடு பச்சையாக ஏறி இறங்கியது. பதிவு நடக்கும்போது அந்த மென்பொருள் ஒலியைக் கேட்கவிடாது. கோடு அசைவதை மட்டும்தான் பார்க்கலாம். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தோம். திரையில் அத்தை வாயசைத்துப் பாடினாள். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் விசிஆர் செய்வதை நிறுத்தியதோடு, அதைத் தயாரிப்பவர் என்று உலகத்தில் அறியப்பட்ட கடைசி நிறுவனமும் போய்விட்டது. வீட்டில் இருக்கிற விசிஆரின் ஹெட் தேய்ந்தால் புதிது வாங்க முடியாது. கேசட்டும் ஒன்று, அதை ஓட்டுகிற கருவியும் ஒன்று, பாடியவளும் இல்லை. இந்த நிலையில் இருக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கருவியை விற்கிறார்கள். வாங்குகிற ஒவ்வொருவரும் கையில் ஒரே ஒரு பிரதியோடுதான் வருகிறார்கள். அது தெரிந்தும், இலவசச் சோதனைப் பதிப்பு ஒன்றை முழு மென்பொருள் என்று சிடியில் போட்டு, அதன் பூட்டைக் கடைசி நொடியில் வைத்திருக்கிறார்கள். சேமிக்க விடமாட்டோம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அந்த ஓட்டத்தை ஓட்டியே இருக்கமாட்டேன்.

இன்று காலை அந்த மென்பொருளை அழித்துவிட்டு, ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற பதிவு மென்பொருளை இறக்கினேன். அது இலவசம், சீரியல் எண் கேட்பதில்லை. பால், 720க்கு 576, நொடிக்கு 25 சட்டம் என்று வைத்து, சீப்புப் பல் போலக் கோடு விழாமலிருக்க டீஇன்டர்லேஸையும் போட்டேன். எம்கேவி கோப்பாகப் பதிந்தால் இடையில் மின்சாரமே போனாலும் அதுவரை பதிந்தது கோப்பில் இருக்கும். பத்து நிமிட வேலை. சிடியில் அந்த மென்பொருளுக்குப் பதிலாக இந்த நான்கு வரியை ஒரு தாளில் அச்சடித்துப் போட்டிருந்தால் போதும்.

பாட்டு வந்தது. அத்தையின் குரல், நடுவில் யாரோ சிரிப்பது, பின்னால் பாத்திரம் உருளும் சத்தம், எல்லாம் வந்தது. அம்மா, என் மகளின் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நிறுத்தச் சொல்லி நிறுத்தச் சொல்லி எழுதினாள். இனி எத்தனை தடவை நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது. மாப்பிள்ளையின் சித்தப்பாவைக் கேலி செய்யும் மூன்றாவது கண்ணியில், இரண்டாம் அடி தொடங்கியதும் குரல் தண்ணீருக்குள் போனது போல அமுங்கி, இரைச்சலாகி, நான்கு நொடிக்குச் சற்று அதிகமாக ஒன்றுமில்லாமல் போய், அடுத்த அடியில் திரும்பி வந்தது. நாடா நொடிக்கு 23 மில்லிமீட்டர் சொச்சம் ஓடும். பத்து சென்டிமீட்டருக்கு அவ்வளவுதான் வரும். மூன்று தடவை போட்டுக் காட்டினேன். அம்மா காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டாள். பிறகு நோட்டில் ஒரு வரி இடம் விட்டு, அடுத்த வரியை எழுதத் தொடங்கினாள்.