கண்டறியாத விளையாட்டுப் பக்கம்

100 மீற்றரை 6.49 செக்கனிலை ஒருத்தன் ஓடிப்போட்டானாம். செவ்வாய்க்கிழமை காலமை தேத்தண்ணியோடை பேப்பரை விரிச்ச எனக்குப் புரைக்கேறிட்டுது. உசேன் போல்ட்டே 9.58. உதை எழுதினவருக்கோ பிழை திருத்தினவருக்கோ ஒரு சொட்டுச் சந்தேகமும் வரேல்லையோ?

நடந்தது என்னெண்டால், சீனாவிலை நான்ஜிங்கிலை மார்ச் 21, 22, 23 எண்டு மூண்டு நாள் உலக உள்ளக மெய்வல்லுநர் சம்பியன்ஷிப். 2020 இலை நடக்க வேண்டியது, கொரோனாவாலை இழுபட்டு இழுபட்டு 2025 இலைதான் நடந்தது. அங்கை 100 மீற்றர் எண்ட ஓட்டமே இல்லை ஐயா! கூரைக்குக் கீழை ஒரு சுற்றே 200 மீற்றர்தான். வளைவிலை தடத்தைச் சரிச்சு உயர்த்தி வைச்சிருப்பாங்கள். குறுந்தூரம் எண்டால் நடுவாலை நேராய் 60 மீற்றர். அதைத்தான் பிரித்தானியாவின்ரை ஜெரமையா அஸு 6.49 இலை ஓடி வெண்டவர். 60 எண்டு இருந்ததைக் கண்டு, எழுத்துப் பிழையாக்கும் எண்டு ஆரோ ஒரு கெட்டிக்காரன் 100 ஆக்கியிருக்கிறான்.

அடுத்த வரி அதைவிடத் திறம். கோலூன்றிப் பாய்தலிலை சுவீடனின்ரை டுப்ளான்டிஸ் 6.15 பாய்ஞ்சு "உலக சாதனை"யாம். அப்ப அவன்ரை உலக சாதனை 6.27. அதுக்கு மூண்டு கிழமைக்கு முதல்தான் பிரான்ஸிலை பாய்ஞ்சவன். கிரேக்கத்துக் கரலிஸ் 6.05 வரைக்கும் விடாமல் கலைச்சுக்கொண்டு வந்தானே, அதெல்லோ செய்தி? அதைக் காணேல்லை. நோர்வேயின்ரை இங்கபிரிட்சன் 1500, 3000 ரெண்டையும் வெண்டவன். 1999 இலை எத்தியோப்பியாவின்ரை கெப்ரெசெலாசி செய்ததுக்குப் பிறகு ஒரு ஆம்பிளையும் செய்யாத வேலை. அதையும் காணேல்லை. மொத்தமே ரெண்டு வரி, ரெண்டும் பிழை.

எனக்கு ஏன் இவ்வளவு கொதி எண்டால், என்ரை சின்னவன் உயரம் பாயிறவன். மூண்டு நாளும் "அப்பா, உயரம் பாய்தல் ஆர் வெண்டது? எத்தினை பாய்ஞ்சது?" எண்டு அரிச்சுக்கொண்டு திரிஞ்சான். பேப்பரிலை வரும், பொறு எண்டு சொன்னன். அது என்ரை விசர். கடைசியிலை இரவு போனிலை தேடி எடுத்தம். தென்கொரியாவின்ரை வூ சாங் ஹியோக், 2.31. ஒரு ஆசியாக்காரன்! ஒரு வரி போடக் கூடாதோ? யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிப் பெடியன் எதிர்வீரசிங்கம் 1958 இலை டோக்கியோவிலை 2.03 பாய்ஞ்சு, ஆசிய விளையாட்டிலை இலங்கைக்கு முதல் தங்கம் கொண்டுவந்த ஊரடா இது.

பேப்பரிலை வேலை செய்யிற ஒருத்தரைச் சலூனிலை கண்டு கேட்டன். "அண்ணை, நேரம் பிந்தி வாற செய்தியளை அடிக்கேலாது" எண்டார். எனக்கு வந்த கோவத்துக்கு முகத்திலை சவர்க்கார நுரையோடை எழும்பிட்டன். எங்களுக்கும் நான்ஜிங்குக்கும் இடையிலை இரண்டரை மணித்தியாலம். அங்கை இரவு பத்து எண்டால் இங்கை ஏழரை. ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்குத்தான் சென்னை, மும்பை மட்ச்சே தொடங்கினது! அது முடிய இரவு பதினொண்டு. திங்கட்கிழமை பேப்பரிலை அது மட்டும் சுடச்சுட எப்பிடி வந்தது? தோனி ரெண்டு பந்திலை ஓட்டமே எடுக்கேல்லை. அதுக்குக் கால் பக்கத்திலை படம். (நானும் சென்னை ஆள்தான். அது வேறை கதை.)

"நெற்றிலை எல்லாம் கிடக்குதுதானே" எண்டு உடனை ஒருத்தர் வருவார், தெரியும். சென்னை மட்ச்சும் நெற்றிலைதானே கிடக்குது?

உலகப் போட்டியை விடுங்கோ. எங்கடை பள்ளிக்கூடங்களின்ரை இல்ல விளையாட்டுப் போட்டியை எப்பிடிப் போடினம் எண்டு பாருங்கோ. பிரதம விருந்தினர் ஆர், சிறப்பு விருந்தினர் ஆர், விளக்கேத்தினது ஆர், மாலை போட்டது ஆர், எல்லாம் வரும். இல்லச் சோடனைக்கு எத்தினையாம் இடம் எண்டதும் வரும். போன முறை சின்னவன்ரை பேரும் வந்தது: "உயரம் பாய்தலில் முதலிடம்." எத்தினை பாய்ஞ்சவன் எண்டு இல்லை! 1.66 மூண்டு தரம் தட்டி விழ, கண்ணைத் துடைச்சுக்கொண்டு 1.63 ஓடை வந்து நிண்டவன் அவன். அந்த 1.63 தான் அவன்ரை ஒரு வருச உழைப்பு. மைதானத்திலை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை வெய்யிலுக்கை நிண்டு, ஒவ்வொரு பாய்ச்சலையும் அளந்து, கரும்பலகையிலை சோக்காலை அழகாய் எழுதினது. ஒலிபெருக்கியிலை வாசிச்சும் விட்டவை. நிருபர் எங்கை நிண்டவரோ? விருந்தினருக்குச் சோடா குடுத்த கொட்டிலுக்கை நிண்டிருப்பார்.

ஆர் வெண்டது எண்டு மட்டும் போட்டால் அது தேர்தல் முடிவு. தேர்தலுக்கே எத்தினை வாக்கு எண்டு போடுறியள், பாவி வாயளே!

இப்ப சின்னவனும் இனிப் பேப்பரைப் பார்க்கிறதில்லை எண்டு முடிவெடுத்திட்டான். முன்விறாந்தைச் சுவரிலை அளவுநாடாவைப் பிடிச்சு 1.63 இலை ஒரு கோடு, 2.03 இலை ஒரு கோடு, கதிரையிலை ஏறி நிண்டு 2.31 இலை ஒரு கோடு, கரித்துண்டாலை கீறி வைச்சிருக்கிறான். தைப்பொங்கலுக்கு அடிச்ச பெயின்ற். மனிசி என்னைத்தான் பேசிக்கொண்டு நிக்கிறா.