ஏசி கேஸைத் திறந்து விடாதீர்கள்

பழைய மாருதி 800-ல் ஏசியைக் கழற்றுவது பற்றி ஒரு நண்பர், "பைப்பை லூஸ் பண்ணி கேஸை வெளியே விடுங்க, கம்ப்ரஸரைத் தூக்கிப் போடுங்க, மைலேஜ் எகிறும்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

கேஸ் தீர்ந்துபோன வண்டி என்றாலும் உள்ளே மிச்சம் இருக்கலாம். இப்போதும் புழக்கத்தில் உள்ள ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ், வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். பைப் நட்டைத் திருகும்போது பீய்ச்சி அடித்தால் விரல் சதை உறைந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால், ஆயிரம் கிலோவுக்கும் மேலான கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். அதற்கும் முந்தைய வண்டிகளில் ஆர்-12 இருக்கலாம்; ஓசோனை அரிப்பதால் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை கட்டுப்படுத்திய கேஸ் அது. ரெக்கவரி மெஷின் வைத்திருக்கும் ஏசி கடையில் கேஸை இழுத்து எடுத்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

மைலேஜும் எகிறாது. ஏசி ஸ்விட்ச் ஆஃபில் இருந்தால், கேஸை அழுத்தும் கம்ப்ரஸரின் கிளட்ச் விடுபட்டு, பெல்ட் ஓடும் புல்லி மட்டும்தான் சுற்றும். குறைவது கம்ப்ரஸர், கண்டன்ஸர் (கேஸின் சூட்டை வெளியே விடும் பாகம்) எடைதான்.

அவர் சொல்லாமல் விட்டது இன்னொன்று. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) வண்டியில் ஏசி ஓடும்போது ஐடிலை, அதாவது நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகத்தை, ஏற்ற ஒரு வேக்குவம் ஹோஸ் (இன்ஜினின் உறிஞ்சு குழாய்) இருக்கும். அதைக் கழற்றி அடைக்காமல் விட்டால் இன்ஜின் காற்றை இழுத்து, சிக்னலில் நிற்கும்போது அதன் வேகம் ஏறி இறங்கும். பிறகு கார்புரேட்டரைக் குறை சொல்லி வீணாகச் செலவு செய்வீர்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலைத் தொட வேண்டாம், பைப் வாயை மட்டும் மூடி விடுங்கள்.