அது குப்பை இல்லை

போன சனிக்கிழமை இங்கே மொரீஷியஸில் எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் பழைய பொருள்களில் வாத்தியம் செய்தார்கள். பிள்ளைகள் கையில் ரப்பர் பேண்டு மாட்டிய செருப்புப் பெட்டி, பருப்புப் போட்ட பாட்டில். வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்துக்குக் கீழே ஒரு பெரியவர்: "தமிழ் வகுப்புக்கு அனுப்பினால் குப்பை பொறுக்கச் சொல்லித் தருகிறார்கள்."

ஐயா, அது குப்பை இல்லை.

ரப்பர் பேண்டை இழுத்துக் கட்டினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். வீணைத் தந்திக்கும் இதே கணக்குத்தான். தண்ணீர் கூடக் கூட, தம்ளரைத் தட்டினால் ஓசை இறங்குகிறது. பாட்டில் வாயில் ஊதினால் ஏறுகிறது. ஏன் இப்படித் தலைகீழாக வருகிறது என்று ஏழு வயதுப் பையன் மண்டையை உடைத்துக்கொண்டான். பத்து நிமிஷம் கழித்து அவனே சொன்னான்: "ஊதினால் பாடுவது காற்று, தட்டினால் பாடுவது தம்ளர்." மேடையில் கிண்ணத்தைத் தட்டினால் ஜலதரங்கம், இவன் தட்டினால் குப்பை. நல்ல நியாயம்!

என் தாத்தா கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர். தென்னை ஓலையைச் சுருட்டிப் பீப்பீ செய்து தருவார். ஒருமுறை கரும்புப் பூத்தண்டுகளை வரிசையாகக் கட்டி, உள்ளே விதை போட்டு ஒரு மரவான் செய்து தந்தார். மொரீஷியஸின் சேகா ஆட்டப்பாட்டில், நம் பருப்புப் பாட்டிலைப் போலக் குலுக்கி வாசிக்கும் வாத்தியம் அது. பள்ளியில் ஒருத்தி சிரித்தாள் என்று அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். எங்கே என்று தாத்தா கடைசிவரை கேட்கவேயில்லை. கேட்டிருக்கலாம்.

பருப்பு வீணாகிறதாம். வண்டு விழுந்த ஒரு பிடி பருப்பு, ஐயா. சத்தம் தாங்கவில்லையாம். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சத்தம் வராமல்?

"தமிழ் வகுப்பில் சேகா வாத்தியம் எதற்கு?" இதுதான் உள்ளே கிடந்த கோபம் என்று நினைக்கிறேன். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேகா சேர்ந்தபோது நம் எல்லோருக்கும் பெருமையாகத்தானே இருந்தது? சேகாவின் மேளமான ரவானின் ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டித்தான் வாசிக்கிறார்கள். நம் பறையையும் அப்படித்தான் காய்ச்சுகிறோம். பறை என்றாலும் முகம் சுளிப்பவர்கள் உண்டு, அவர்களிடம் நான் என்ன பேச.

மிருதங்கம் சொல்லிக் கொடு என்கிறீர்கள். சரி. இருபது பிள்ளைகள், இருபது மிருதங்கம். எப்போது வாங்கித் தருகிறீர்கள்?

அதுவரை, வரும் சனிக்கிழமை பலூன் தோல் கட்டிய டின் மேளம். பழைய பால்மாவு டின் இருப்பவர்கள் கொடுத்தனுப்புங்கள். அந்தப் பெரியவர் வீட்டில் இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.