எனக்கு பெர்த் உண்டு, என் சைக்கிளுக்கு?

சென்னையிலிருந்து கடற்கரையோரமாகவே கன்னியாகுமரி வரை ஏழு நாள் மிதித்துப் போனேன். மீமிசல் பக்கம் உச்சி வெயில், உவரி தாண்டிக் காற்றாலைகளுக்கு நடுவே ஆடிக் காற்று நெஞ்சில் அறைந்தது, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். சைக்கிளை ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்ததை மட்டும் இன்னும் தாங்க முடியவில்லை.

ஸ்டேஷன் பெயர் வேண்டாம், தெற்கே ஒன்று. முந்தின நாள் போனில் கேட்டபோது ஒரு மணி நேரம் முன்னால் வந்தால் போதும் என்றார்கள். நான் மூன்று மணி நேரம் முன்னால் போனேன். "சாக்கு கட்டாம எடுக்க மாட்டோம் தம்பி, வெளிய ஆள் இருக்கான் பாருங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். வெளியே இருந்தவர் நாலு கோணிச் சாக்கும் சணலும் சுற்றி 400 ரூபாய் வாங்கினார். அப்புறம் ஆதார் நகல், டிக்கெட் நகல். ஜெராக்ஸ் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம். ஓடிப் போய் எடுத்து வந்தால் கவுன்டரில் ஆள் இல்லை, டீ குடிக்கப் போயிருக்கிறார். முதலிலேயே ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தால் இவ்வளவு அலைச்சல் உண்டா?

இதைவிடப் பெரிய அநியாயம் ரசீதில் இருந்தது. நம் டிக்கெட்டோடு சேர்த்து லக்கேஜாகப் பதிந்தால் சைக்கிள் நாம் போகும் வண்டியின் பிரேக் வேனிலேயே, அதாவது சாமான் ஏற்றும் பெட்டியிலேயே, வர வேண்டும். பார்சலாகப் பதிந்தால் எந்த வண்டியில் இடம் இருக்கிறதோ அதில் வரும். டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பார்சல் என்று போட்டுவிட்டார். வண்டி கிளம்பிய பிறகு பெர்த்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. விடிய விடியத் தூக்கமில்லை. காலையில் சென்னையில் இறங்கி பிரேக் வேன் வரை ஓடினேன், மீன் பெட்டிகள் இறங்கின, சைக்கிள் இறங்கவில்லை.

60 நாளுக்கு முன்னாலேயே என் பெர்த்தை வீட்டிலிருந்தபடி போனில் பதிய முடிகிறது. அதே டிக்கெட்டில் "சைக்கிள் ஒன்று" என்று சேர்த்துப் பணம் கட்ட ஏன் முடியாது? இரண்டு மடங்கு கேட்டாலும் கொடுப்பேனே!

கழற்றிப் பையில் போட்டு சீட்டுக்கு அடியில் தள்ளு என்று எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். பெட்டிக்குள் கொண்டுபோகும் சாமானுக்கு அளவு 100 × 60 × 25 செ.மீ. என் சைக்கிளின் சக்கரம் மட்டுமே 68 செ.மீ. விட்டம். டிக்கெட் பரிசோதகர் நல்ல மனதுக்காரராக இருந்தால் பிழைத்தோம், இல்லையென்றால் அபராதம். அவர் மனதை நம்பியா நான் ஊர் திரும்ப வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021-இல் விதியே போட்டுவிட்டார்கள், புதிதாக வரும் ரயில்களில் பொதுவாகக் குறைந்தது 4 சைக்கிளுக்கு இடம் வேண்டும் என்று. அவ்வளவு தூரம் போக வேண்டாம், கொச்சி மெட்ரோவில் 2020-இலிருந்தே சைக்கிளோடு ஏறலாம். பெட்டிக் கடைசியில் இரண்டு கொக்கி மாட்டினால் போதும், சக்கரத்தை மாட்டித் தொங்கவிட்டுவிட்டுப் பக்கத்திலேயே கூட நின்றுகொண்டு வருவேன்.

மூன்றாம் நாள்தான் சைக்கிள் வந்தது. எனக்குத் தகவல் வரவில்லை, தினமும் நானே போய்ப் போய்க் கேட்டேன். வந்து கிடந்த நேரத்துக்குக் கூடுதல் பணம் வேறு கட்டச் சொன்னார்கள், சண்டை போட்ட பிறகுதான் விட்டார்கள். சாக்கைப் பிரித்தால் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருக்கிறது, பிரேக் டிஸ்க்கும் கோணல். மேலே எதையோ ஏற்றி அடுக்கியிருக்கிறார்கள். எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் ஒரு பஞ்சர்கூட ஆகாத வண்டி அது! கடையில் ஹேங்கர் வரப் பத்து நாள் ஆகும் என்கிறார்கள். நஷ்டஈடு கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொண்டதற்கு முத்திரை குத்தித் தரவே அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள்.